எட்டுப் புள்ளி வரைக்கும் தோற்கலாம்

எங்கள் வீட்டில் எல்லாமே ஒரு வருஷம் முன்னதாக நடக்கும். பெரியப்பா சிவகாசியில் காலண்டர் அச்சடித்தவர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் ஏஜெண்டுகள் கைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்த ஊர்த் தொழிலின் வழக்கம். அதனால் ஊரே இந்தத் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது பெரியப்பா அடுத்த தீபாவளி என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டிருப்பார். நடக்கிற வருஷத்தின் மேல் அவருக்கு அவ்வளவாகச் சிரத்தை கிடையாது. என் பிறந்தநாள் ஒன்றுக்கு, “ஞாயித்துக்கிழமையில வருது தாயி, பள்ளிக்கூடம் லீவு” என்று ஆசீர்வதித்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.

நாங்கள் விருதுநகரில் இருந்தோம். அப்பா துபாயில் வேலை பார்த்ததால் அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில்தான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரியப்பா காலையில் பஸ் ஏறி சிவகாசி போய், சாயங்காலம் மை வாசனையோடு திரும்புவார். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் உட்காருவார். மற்ற நாட்களில் முருகனையும் லட்சுமியையும் நல்ல மேய்ப்பரையும் ஒரே மெஷினில் பேதமில்லாமல் ஓட்டுவார். போதகர் ஒருமுறை இதைப் பற்றி மெல்ல இழுத்தபோது, “ஆர்டர் குடுக்கிறவுக சாமிய நான் எதுக்கு அய்யா குறை சொல்லணும்” என்று முடித்துவிட்டார்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை என் அத்தை. கடைக்குட்டி என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அந்தப் பாப்பா ஐந்தடி பத்தங்குல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படிகளில் அவள் குனிந்துதான் நுழைவாள். குனிய மறந்த நாட்களின் அடையாளம் நெற்றியில் இருக்கும். கல்லூரியில் கடைசி வருஷம். கூடைப்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன்.

அந்த வருஷம் அகில இந்தியக் கல்லூரிகளுக்கான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தும் வாய்ப்பு அத்தை படித்த கல்லூரிக்கே வந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. சென்னையில் ஓர் அலுவலகத்தின் அணி அத்தையைக் கேட்டிருந்தது. அகில இந்திய அளவில் முதலிடம் வந்தால் வேலையும் தந்து ஆடவும் எடுத்துக்கொள்கிறோம் என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார்கள். அதே வாரத்தில் காரியாபட்டியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். நல்ல குடும்பம், நல்ல உயரம் என்று பெரியம்மா உயரத்தை இரண்டு தடவை சொன்னாள்.

பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, உறவுக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போதே தீர்ப்புச் சொன்னார். “முதல்ல வந்தியா, பெட்டியக் கட்டு, மெட்ராசுக்கு நானே கொண்டுபோயி விடுதேன். ரெண்டாவது மூணாவதுன்னு வந்து நின்னேன்னா மே மாசம் கல்யாணம். அதுக்கு மேல என்கிட்ட பேசக் கூடாது.” உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். அத்தையும் தலையாட்டினாள். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை சென்னைக்குப் போனால் லீவுக்கு நானும் போகலாம், கல்யாணம் ஆனால் பட்டுப்பாவாடை கிடைக்கும் என்று எனக்கு இரண்டு பக்கமும் லாபமாகத் தெரிந்தது.

அதற்குள் இன்னொரு தகராறு வந்தது. கல்லூரி வாசலில் தங்கள் அணியின் படத்தைப் பெரிய பிளெக்சாக வைத்தார்கள். பன்னிரண்டு பெண்களும் கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் பந்தோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும் பெரியப்பா நேரே பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் படத்தை இந்த உடுப்பில் ரோட்டில் வைப்பீர்களா என்று கேட்டாராம். மறுநாள் பிளெக்ஸ் புதிதாக வந்தது. அதில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். நடுவில் கேப்டன் நின்ற இடத்தில் ஒரு பூச்செண்டு. அத்தை அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் காரணம் தெளிவாகவே இருந்தது. பிளெக்ஸ் வந்ததிலிருந்து அச்சு போஸ்டருக்கு ஆர்டர் குறைந்துவிட்டது என்று பெரியப்பா அடிக்கடி திட்டுவார். அதனால்தான் அவருக்குப் பிளெக்ஸ் ஆகாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

போட்டி தை மாதத்தில் தொடங்கியது. இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெரியப்பாவுக்கு நேர்ந்தது புரியாது. நாட்டை நாலு மண்டலமாகப் பிரித்து, அங்கங்கே முதலில் ஆடி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நாலு இடம் வந்தவர்கள்தான் அகில இந்தியப் போட்டிக்கு வர முடியும். ஆக மொத்தம் பதினாறு அணிகள். கல்லூரி வாசலில் ஒரு பெரிய பலகையில் பதினாறு பெயர்களையும் எழுதி, இரண்டிரண்டாகக் கோடு போட்டு இணைத்திருந்தார்கள். தோற்றவர் வீட்டுக்குப் போக, வென்றவர் பெயர் அடுத்த கோட்டுக்கு நகரும். பதினாறு எட்டாகும், எட்டு நாலாகும்.

இதுவரைக்கும் பெரியப்பாவுக்குப் பிடித்திருந்தது. மேட்ச் பார்க்க வரமாட்டேன் என்று வீம்பாக இருந்தாரே தவிர, நான் வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்துக்கொண்டிருப்பார். முதல் ஆட்டத்தில் அத்தை ஆந்திராவை விரட்டியதையும், இரண்டாவதில் குஜராத்தைக் கடைசி நிமிஷத்தில் கவிழ்த்ததையும் நான் கூடத்தில் ஓடி ஆடியே காட்டினேன். “தோத்தவுக போயிருவாகள்ல?” என்று மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். “அதான் முறை” என்றார்.

நாலு அணிகள் மிஞ்சியதும்தான் சிக்கல். அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டும், அதற்கு லீக் என்று பெயர். மூன்று நாள் ஆடி, அதிக வெற்றி பெற்றவர் முதலிடம். ஒரு நாள் தோற்றாலும் மறுநாள் ஆடலாம் என்பது பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “தோத்தவன் மறுபடி வந்து நிப்பானாம். கோர்ட்டுல வாய்தா வாங்குன மாதிரியில்ல இருக்கு” என்றார்.

மிஞ்சிய நாலில் நாங்கள் ஒன்று. மற்ற மூன்றும் சென்னை, கேரளா, பஞ்சாப். பஞ்சாப் பெண்கள் ஊரில் நுழைந்ததுமே பிரபலம். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவைத் தங்கள் ஊர்ப் பதார்த்தம் என்று நினைத்து ஆர்டர் செய்து, வந்ததைப் பார்த்துத் திகைத்து, பிறகு ஆளுக்கு ஆறு தின்றவர்கள். முதல் நாள் நாங்கள் சென்னையைப் பன்னிரண்டு புள்ளியில் வென்றோம். இரண்டாம் நாள் பஞ்சாபையும் வென்றோம். பரோட்டாவின் பங்கும் அதில் இருக்கலாம். கடைசி நாள் சாயங்காலம் கேரளாவோடு ஆட்டம்.

அன்று காலை அத்தை இட்லி சாப்பிட்டபடியே கணக்குச் சொன்னாள். தண்ணீர் டம்ளர் மூன்றையும், பெரியப்பாவின் காபி டம்ளரையும் வரிசையாக வைத்துக்கொண்டாள்.

“இது நாங்க. இது சென்னை, இது கேரளா, இது பஞ்சாப். அண்ணே, நல்லா கேளுங்க. இன்னைக்கு நாங்க ஜெயிச்சுட்டா பேச்சே இல்ல, முதலிடம். ஆனா தோத்தாலும் முடிஞ்சு போகாது.”

பெரியப்பா கேட்டார். “தோத்தா எப்படி முடியாம போகும்?”

“காலையில சென்னை பஞ்சாப ஜெயிச்சு, சாயங்காலம் கேரளா நம்மள ஜெயிச்சா, நாங்க, சென்னை, கேரளா மூணு பேருக்கும் ரெண்டு ரெண்டு வெற்றி ஆயிரும். பஞ்சாபுக்கு ஒண்ணும் இருக்காது. அப்ப இந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் எத்தன புள்ளில ஜெயிச்சாக, எத்தன புள்ளில தோத்தாகன்னு பார்ப்பாக. நாங்க சென்னைய ஜெயிச்சது பன்னெண்டு. சென்னை கேரளாவ ஜெயிச்சது ஆறுதான். அதனால எட்டுப் புள்ளி வரைக்கும் தோத்தாலும்...”

பெரியப்பா அந்த இடத்தில் பஞ்சாபை எடுத்துக் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். “ஜெயிக்கப் போற பிள்ள காலையில எந்திரிச்சு எப்படித் தோக்கலாம்னு கணக்குப் போடுமா? போ, போய் ஜெபம் பண்ணிட்டு ஆடு” என்றார். அத்தை மீதமிருந்த மூன்று டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் கணக்குப் புரியவில்லை. எட்டு வரைக்கும் பரவாயில்லை என்பது மட்டும் மனதில் நின்றது.

சாயங்காலம் அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் தெரு முனை ஆட்டோக்கார அண்ணனோடு கல்லூரிக்குக் கிளம்பினோம். அத்தை ஜெயிக்க அவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே மைதானத்துக்குப் போய்விட்டதால் பஜார் காலியாகக் கிடந்தது. தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பியதும் ஆட்டோ தானாகவே நின்றது.

சுவரில் அத்தை நின்றாள். வரிசையாக எட்டுப் பத்து அத்தைகள். பனியன், அரைக்கால் சட்டை, இடுப்பில் பந்து, முகம் கொள்ளாத சிரிப்பு. போஸ்டர் அப்படியே மாதக் காலண்டர் அமைப்பில் இருந்தது. மேலே படம், அடியில் கடைப் பெயர் அச்சடிக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் பட்டை. மேலே தகரம் அடிக்காததுதான் குறை. பட்டையில் சிவப்பு எழுத்தில், “அகில இந்திய முதலிடம்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று போட்டிருந்தது.

“மேட்ச் முடிஞ்சிருச்சாக்கா?” என்று ஆட்டோக்கார அண்ணன் குழம்பிப்போய்க் கேட்டார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா பார்த்தால் கோபப்பட மாட்டாரா என்று நான் அம்மாவைக் கேட்டேன். “அடிச்சதே அவுகதான்” என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது பிளெக்ஸ் இல்லை, நல்ல ஆப்செட் பேப்பர். என் கணிப்பு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்துக்குப் போகும் வழி முழுக்கப் போஸ்டர். சீசன் முடிந்து மெஷின் சும்மா கிடந்த நாட்களில் இதை அடித்திருக்கிறார். ஊரார் எல்லோரும் மைதானத்துக்குள் போகட்டும் என்று காத்திருந்து ஒட்டியிருக்கிறார். காலையிலிருந்தே உள்ளே இருந்த அத்தைக்கு எதுவும் தெரியாது. “ஆட்டம் முடியிற வரைக்கும் அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாது” என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

பெரியப்பா அன்றைக்கு முதல்முறையாக மேட்ச் பார்க்க வந்திருந்தார். பலகை அடித்த கேலரியில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் மைதாப் பசை காய்ந்திருந்தது.

“அத்தான், என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீக? இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலையே” என்றாள் அம்மா.

“வருசம் பொறந்த பிறகு காலண்டர் கொண்டுபோனா எவன் வாங்குவான்? சனங்க வெளிய வரும்போது சுவத்துல இருக்கணும்.”

“தோத்துட்டா?”

“அந்தப் பேச்ச எடுக்காத. விசுவாசம் வேணும்” என்று பெரியப்பா ஆடுகளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

காலையில் சென்னை பஞ்சாபை வென்றிருந்தது. அது ஏன் எங்களுக்கு முக்கியம் என்று கேலரியில் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் போலவே, சாயங்கால ஆட்டம், மேடையில் கோப்பை, மாலையோடு தலைமை விருந்தினர் என்றால் அதுதான் இறுதி ஆட்டம் என்று நம்பினார்கள். முதல் பாதி எங்கள் பக்கம். பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் உயரம்.

மூன்றாம் பகுதியில் கேரள அணியில் ஒரு நெட்டைப் பெண்ணை இறக்கினார்கள். அவள் அத்தையையே அண்ணாந்து பார்க்கவைத்தாள். நாங்கள் எறிந்ததையெல்லாம் தடுத்தாள், அவர்கள் எறிந்ததையெல்லாம் கூடைக்குள் போட்டாள். கடைசிப் பகுதியில் அவர்கள் பதினொரு புள்ளி முன்னால் போய்விட்டார்கள். கேலரி அடங்கிவிட்டது. எனக்குச் சுவர்கள் முழுக்கச் சிரிக்கிற அத்தைகள்தான் கண்ணுக்குள் வந்தார்கள். பெரியப்பா வாய்க்குள் ஜெபம் செய்தார்.

அத்தை தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுத்தாள். அடுத்து எங்கள் அணியில் ஒரு குட்டைப் பெண் பந்தைப் பறித்து ஓடிப்போய்ப் போட்டாள், கூடவே தண்டனை எறிதலிலும் ஒன்று. வித்தியாசம் ஐந்து. கேலரி மறுபடி எழுந்தது. கேரளா ஒரு கூடை போட்டது. ஏழு. இன்னும் இருபது விநாடி. பந்து அத்தையின் கையில்.

“போடு பாப்பா, போடு” என்று பெரியப்பா கத்தினார். ஊரே கத்தியது. அத்தை போடவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி வந்து, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றாள். இருபத்துநாலு விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. மிச்சம் இருந்ததே இருபதுதான், ஆகவே எறியாமலே இருக்கலாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குக் கண்ட காட்சி தலைகீழாக இருந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும் கேரளப் பெண்கள் வெறிபிடித்தமாதிரி பந்தைப் பறிக்கப் பாய்கிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் எங்கள் பெண்கள் அவசரமே இல்லாமல் பந்தைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். “வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக்கோ அந்தப் பந்த” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். வேறு சிலர் இன்னும் மோசமாகக் கத்தினார்கள். அத்தையின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“பெரியப்பா, எட்டு வரைக்கும் பரவாயில்லன்னு அத்தை சொல்லுச்சு” என்று நான் அவர் சட்டையை இழுத்தேன்.

“சும்மா இரு தாயி” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, “பிள்ள பயந்து போச்சு. கையும் காலும் ஓடல அதுக்கு. பாவம்” என்று சொல்லிவிட்டு, ஆட்கள் கால்களை மிதித்துக்கொண்டு கேலரியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். மணி அடிப்பதற்குக்கூட நிற்கவில்லை.

மணி அடித்தது. ஏழு புள்ளியில் தோற்றோம். தோற்ற எங்கள் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூச்சல் போட்டுக் குதித்தார்கள். வென்ற கேரளப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒருவர், மூன்று அணிகளுக்கும் சமமான வெற்றி, புள்ளி வித்தியாசத்தில் நம் கல்லூரியே முதலிடம் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வரிசையாகப் புரிந்தது. முன்வரிசைக்குப் புரிந்து கைதட்டும்போது பின்வரிசை இன்னும் அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கல்லூரிப் பையன்கள் சரவெடியை அவிழ்த்து நீளமாகக் கிடத்திப் பற்றவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கே வெடி உண்டு. இதற்குக் கேட்க வேண்டுமா. தலைமை விருந்தினர் காதைப் பொத்திக்கொண்டு கோப்பையைக் கொடுத்தார்.

அம்மா பெரியப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. எங்கே போயிருப்பார் என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. சத்தியம் முடிந்துபோனதால், கழுத்தில் பதக்கத்தோடு ஓடிவந்த அத்தையிடம் போஸ்டர் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. “எங்க அண்ணனா? என் படத்தையா?” என்று அம்மாவைக் கேட்டாள். கோப்பையை அணியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு, மூவரும் அதே ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்கார அண்ணன், மாரியம்மன் தோற்கடித்து ஜெயிக்கவைப்பாள் என்று தான் நினைக்கவே இல்லை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் சுவரிலேயே அத்தை ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். விளக்கு வெளிச்சத்தில் போஸ்டர் நன்றாகத் தெரிந்தது. அடியிலிருந்த மஞ்சள் பட்டையைக் காணோம். சிவப்பு எழுத்து முழுக்கப் போய், அந்த இடத்தில் சுவர் ஈரமாகத் தெரிந்தது. படத்தில் ஒரு கீறல் இல்லை. அத்தை இறங்கி, படத்தின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி நேராக இருந்தது. அடுத்த சுவரிலும் அப்படியே. அதற்கடுத்த சுவரிலும். நான், பெரியப்பா பாதிதான் கிழித்திருக்கிறார், வேலை முடியவில்லை போல என்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பஜார் முனையில் அவரைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, அச்சகத்து இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு போஸ்டரின் பட்டையைப் பக்குவமாக நிமிண்டி எடுத்துக்கொண்டிருந்தார். காலடியில் வாளித் தண்ணீர், ஈரப் பட்டைகளின் குவியல். எங்களைப் பார்த்ததும் ஸ்கேலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஜெயிச்சுட்டோம்” என்றாள் அத்தை.

“வெடிச் சத்தம் கேட்டுச்சு. வந்தவுக ஜெயிச்சாலும் நம்ம ஊர்ல மரியாதையா வெடி போட்டிருக்காகன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் நெனச்சுக்காத பாப்பா. எல்லா நாளும் நம்ம நாளா இருக்காது.”

அத்தை கோப்பையை அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தோத்ததுக்கு எதுக்குக் கோப்பை?” என்றார். அத்தை நடுரோட்டில் உட்கார்ந்து, கோப்பை, வாளி, பசைச் சட்டி, ஆட்டோக்கார அண்ணனின் தண்ணீர் பாட்டில் என்று நாலு சாமானை வரிசையாக வைத்து, காலையில் விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சொன்னாள். பெரியப்பா இந்தத் தடவை எதையும் எடுத்துக் குடிக்காமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

“இத காலையிலயே ஒழுங்கா சொல்லியிருக்கலாம்ல.”

“நீங்கதான் பஞ்சாபத் தூக்கிட்டுப் போயிட்டீகளே.”

அப்போது பெரியப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பசை கண்ணில் பட்டுவிட்டது என்றார். அத்தைக்கும் எப்படியோ பசை பட்டுவிட்டது.

அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க, ஆட்டம் பார்க்காத ஆட்கள் வந்தார்கள். எழுத்தே இல்லாமல் ஓர் இளம்பெண் படம் மட்டும் ஊர் முழுக்கச் சுவரில் இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மல்லாங்கிணறிலிருந்து ஒரு தூரத்து உறவுப் பெரியவர் மாலையோடே வந்துவிட்டார். கதவைத் திறந்த அத்தையைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு அந்த மாலையை அவள் கழுத்திலேயே போட்டார். பெரியப்பா உடனே சிவகாசிக்கு ஓடி, மஞ்சள் பட்டையை மட்டும் தனியாக அடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் ஒட்டினார். அவர் வாழ்நாளில் ஒரு காரியம் நடந்த பிறகு அச்சடித்தது அது ஒன்றுதான். ஜூன் மாதம் சொன்னபடியே அத்தையைச் சென்னைக்குக் கூட்டிப்போய் விட்டுவந்தார். காரியாபட்டி மாப்பிள்ளைக்கு வேறு நல்ல இடத்தில் உயரமான பெண்ணே கிடைத்தாள்.

பட்டை ஒட்டிய அன்று நானும் அவர் கூடப் போயிருந்தேன். ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. தோற்றுவிட்டாள் என்றுதானே கிழிக்கக் கிளம்பினார், முழுசாகக் கிழித்திருந்தால் ஒரே இழுப்பில் முடிந்திருக்குமே. ஒவ்வொரு சுவராக நின்று ஸ்கேல் வைத்து அடியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் விடிய விடிய ஆகியிருக்காதா என்று கேட்டேன்.

பெரியப்பா பசையை நீவிக்கொண்டே, “எனக்கு ஒட்டத்தான் தெரியும் தாயி. கிழிக்க வராது” என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு போஸ்டரைக்கூட ஒழுங்காகக் கிழிக்கத் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.